அம்மா ஓசூரில் இருக்கிறாள்

டிரைவர் கரீம் படியிறங்கி, தெருமுனையில் ஆட்டோ பிடித்துப் போன பிறகுதான் வைரக்கண்ணுவுக்கு வந்தவர் யாரென்று தெரிந்தது. "கரீமு, ஏய் கரீமு" என்று மாடிப்படிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவர் கூப்பிட்டது யாருக்கும் கேட்கவில்லை. இரண்டு பேரும் பாதி ஆயுளை ஒரே பஸ்ஸில் திருச்சிக்கும் கரூருக்கும் இடையில் ஓட்டியவர்கள். அவர் டிரைவர், இவர் கண்டக்டர். அப்படிப்பட்ட மனிதரை நாற்காலியில் உட்காரவைத்து, "எந்த ஊருக்குங்க போகணும்?" என்று கேட்டிருந்தார். கரீம் சிரித்துச் சமாளித்துப் பார்த்தார். பிறகு காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

மகள் பூங்கோதைக்கு அவமானமாக இருந்தது. அப்பாவை நினைத்து அல்ல. அவருக்கு மறதி நோய் என்பது ஊரறிந்த விஷயம். அவர் காதுக்குப் பின்னால் மாட்டியிருந்த பெட்டியை நினைத்துத்தான்.

பெட்டி என்றால் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். கொட்டைப்பாக்கு அளவுதான். அதிலேயே ஒரு கண், ஒரு காது, ஒரு வாய். அந்த நாட்களில் மறதி நோய் இருந்த வீடுகளிலெல்லாம் அது வந்துவிட்டிருந்தது. மனிதர் பார்ப்பதையும் கேட்பதையும் சின்னச் சின்னக் குறிப்புகளாக்கி வைத்துக்கொண்டு, வேண்டிய நேரத்தில் காதுக்குள் சொல்லும். 'வருவது எதிர்வீட்டு ரெஜினா. மத்தியானச் சாப்பாடு கொண்டுவருகிறாள்' என்று அது சொல்லும். உடனே அவர் "வா ரெஜினா" என்பார். பார்க்கிறவர்களுக்கு நோய் இருப்பதே தெரியாது. அந்தக் குறிப்புகளுக்குக் கம்பெனி ஏதோ பெயர் வைத்திருந்தது. வைரக்கண்ணு சீட்டு என்றார். வீடும் சீட்டு என்றே சொல்லத் தொடங்கியது.

ஒவ்வொரு சீட்டும் மூன்று இடத்தில் இருக்கும்: அவர் காதில் ஒன்று, திருச்சி உறையூரில் அவரோடு குடியிருக்கும் பூங்கோதையின் போனில் ஒன்று, ஓசூரில் இருக்கும் மகன் தென்னவனின் போனில் ஒன்று. ஓரிடத்தில் எழுதினால் மற்ற இரண்டிலும் தானே எழுதிக்கொள்ளும். அழித்தாலும் அப்படியே.

வேடிக்கை என்னவென்றால் பூங்கோதையின் பிழைப்பே அதுதான். ஊர் ஊராகக் கிளை வைத்திருக்கும் கம்பெனிகளின் கோப்புகள் எல்லாக் கிளையிலும் ஒன்றுபோல் இருக்கும்படி பார்த்துக்கொள்ளும் மென்பொருளில் அவள் பெரிய கை. புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளை உட்காரவைத்து வகுப்பெடுப்பாள். "எது உடைஞ்சாலும் மொதல்ல பதிவைப் பாருங்க. யாரு, எப்ப, எதை மாத்தினாங்கன்னு அதுல இருக்கும். யூகம் பண்ணாதீங்க. யூகம் பண்றவங்க சமையல் வேலைக்குப் போகலாம்." இப்படிச் சொல்கிறவள் வீட்டில், கரீம் யாரென்று சொல்ல ஒரு பெட்டிக்கு அரைமணி நேரம் பிடிக்கிறது.

கரீம் போன அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே அவள் பெட்டிக் கம்பெனியைக் கூப்பிட்டாள். மறுமுனையில் பேசிய பெண் தூரத்திலிருந்தே பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"மெமரி ரொம்ப அடைச்சிருக்கு மேடம். அதான் சூடாவுது, பதிலும் லேட்டா வருது."

"அவர் ஒண்ணும் சினிமா எடுக்கலையே. நாலு பேரோட பேரு, மாத்திரை நேரம், இவ்வளவுதானே வச்சிருக்கு?"

"அலமாரியில இடம் நெறைய இருக்கு மேடம். கைதான் காலியில்ல. ஒரே சீட்டை ரெண்டு பேர் ரெண்டு விதமா மாத்தினா, எது சரின்னு பெட்டிக்குத் தெரியாது. யாராவது வந்து இதுதான்னு சொல்ற வரைக்கும் ரெண்டையும் கையிலயே பிடிச்சிட்டு நிக்கும். கீழ வைக்காது. உங்க வீட்ல மாசக்கணக்கா யாரும் வந்து சொல்லல போலருக்கு. கை ரொம்பிடுச்சு."

இதைத் தனக்கே ஒருத்தி விளக்குகிறாளே என்று பூங்கோதைக்கு எரிந்தது. "சரி, என்ன பண்ணலாம்?"

"மொத்தமா அழிச்சிட்டுப் புதுசா ஆரம்பிச்சிடலாம். அதான் சுலபம்."

"எல்லாச் சீட்டும் போயிடுமே."

"ஆமா மேடம். அவர்கிட்டயே திரும்பக் கேட்டு ஏத்திக்கலாம்."

அவரிடம் என்னத்தைக் கேட்பது? நோய் முற்றுவதற்கு முன்னால், ஞாபகம் இருந்தபோதே, ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து அவர் தன் வாயால் சொல்லி ஏற்றியவை அந்தச் சீட்டுகள். சம்பூர்ணத்தைப் பெண் பார்க்கப் போனது, பூங்கோதை பிறந்த ஆஸ்பத்திரி, தென்னவன் காணாமல் போய்க் கிடைத்த திருவிழா, கரீம் ஒருமுறை பிரேக் பிடிக்காத வண்டியை வாய்க்காலோரம் சாய்த்து எல்லாரையும் காப்பாற்றியது. அவற்றை அழித்தால் மனிதரில் பாதி போய்விடும்.

"இல்லன்னா, பிடிச்சிட்டிருக்கற ஒவ்வொண்ணுக்கும் நீங்களே எது சரின்னு சொல்லணும்" என்றாள் அந்தப் பெண். "இன்னிக்கே பண்ணிடுங்க மேடம். இதே சூடு இருந்தா நாளைக்கோ மறுநாளோ அதுவா நின்னுடும். நின்னா எதையும் மீட்க முடியாது."

பூங்கோதை பெட்டி கையில் வைத்திருந்ததையெல்லாம் போனில் விரித்தாள். பக்கம் பக்கமாக ஓடியது. எல்லாவற்றுக்கும் ஒரே தலைப்பு: சம்பூர்ணத்தின் மறைவு.

அவளுக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அவளுக்குத் தெரிந்த கதைதான்.

போன தை மாதம் அம்மா போய்ச் சேர்ந்தாள். அதன்பின் தினமும் காலையில் கண் விழித்ததும் அப்பா, "சம்பூர்ணம் எங்க?" என்பார். பெட்டி உள்ளதைச் சொல்லும். அவர் அப்போதுதான் கேள்விப்படுகிறவர்போல் தலையில் அடித்துக்கொண்டு அழுவார். நேற்று அழுதது அவருக்குத் தெரியாது. பூங்கோதை சட்னியை அடுப்பில் விட்டுவிட்டு ஓடி வந்து, அவரைப் பிடித்து, தண்ணீர் கொடுத்து, முகம் துடைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். மூன்று வாரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு ஒரு நாள் அந்த மறைவுச் சீட்டை அழித்துவிட்டு, வேறொன்று எழுதினாள்: சம்பூர்ணம் ஓசூரில் மகன் வீட்டில் இருக்கிறாள். மாலை போட்ட படத்தைக் கழற்றி பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்தாள். அப்பாவுக்காகத்தான் செய்தேன் என்று சொல்லிக்கொண்டாள். அடிக்கடி சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

ஆனால் ஒரு வாரம் கழித்து மறைவுச் சீட்டு திரும்ப வந்து உட்கார்ந்திருந்தது. அழித்தாள். மறுநாளும் வந்தது. யார் வேலை என்று அவள் யோசிக்கவே இல்லை. 'அப்பாகிட்ட போய்ப் பொய் சொல்லாதக்கா' என்று காரியத்தன்றே சொன்னவன் தென்னவன். அரிச்சந்திரனுக்குத் தம்பி. தூரத்தில் உட்கார்ந்துகொண்டு உண்மை பேசுவது சுலபம். பக்கத்தில் உட்கார்ந்து மூக்கைத் துடைத்துவிடுகிறவளுக்கல்லவா தெரியும்? அவனிடம் அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவனும் ஒன்றும் சொல்லவில்லை. தினமும் சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றுவதுபோல் அந்தச் சீட்டைத் திறக்காமலே அழிப்பது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. காலையில் அப்பா எதையும் கேட்பதற்கு முன்பே, "அம்மா ஓசூர்ல நல்லாருக்காங்கப்பா" என்று முந்திக்கொள்வாள். "சரிம்மா" என்பார். அழுகை இல்லை. ஆபீசுக்கு நேரத்துக்குப் போனாள்.

அவனிடம்தான் கேட்கவில்லையே தவிர, மற்றவர்களிடம் சொல்லத் தவறவில்லை. ஆவணி மாதம் சித்தப்பா மகன் கல்யாணத்தில், பந்தியில் உட்கார்ந்து அத்தைமார்களிடம் சொல்லியிருந்தாள். "இவன் அப்பாவை வேணும்னே அழவைக்கறான் அத்தை." அந்த அத்தைகள் சும்மா இருப்பார்களா? கைகழுவப் போன தென்னவனிடம் ஒருத்தியும் முகம் கொடுக்கவில்லை. அவன் பாயசம் வருவதற்கு முன்பே எழுந்து போனதைப் பார்த்து, உறைத்திருக்கிறது என்று அவள் சந்தோஷப்பட்டாள்.

இப்போது கரீமை அவமானப்படுத்தியதும் அவன்தான். போனை எடுத்தாள்.

"டேய், நீ மனுசனாடா?"

"என்னக்கா?"

"அப்பாவோட பெட்டி நாளைக்கு நின்னுடுமாம். எல்லாம் போயிடுமாம். நான் அழிக்க அழிக்க நீ திரும்ப எழுதினா அது என்ன பண்ணும்? உன் நேர்மைக்கு அவரோட மூளைதான் கெடச்சுதா?"

தென்னவன் கேட்டான்: "பதிவைப் பாத்தியாக்கா?"

பார்க்கவில்லை. போனைக் காதிலிருந்து எடுக்காமல், கணினியில் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். மாற்றியவர் என்ற இடத்தில், மேலிருந்து கீழ்வரை, ஒரு நாள் விடாமல், ஒரே பெயர்தான் இருந்தது. வைரக்கண்ணு.

"அப்பாவா?" என்றாள். "அவருக்கு எப்படிடா தெரியும்?"

"நீ அம்மா ஓசூர்ல இருக்காங்கன்னு எழுதிட்ட இல்ல. அப்ப அவர் எங்க போன் பண்ணுவாரு?"

அவள் அந்தப் பக்கத்தை இன்னும் கீழே ஓடவிட்டாள்.

"தினம் மத்தியானம் சாப்பிட்டதும் போன் வரும்க்கா. நீ ஆபீஸ்ல இருப்ப. 'அம்மாகிட்ட குடுடா'ம்பாரு. மொத நாளு தூங்கறாங்கன்னு சொன்னேன். அடுத்த நாளு கோயிலுக்குப் போயிருக்காங்கன்னேன். அப்புறம் குளிக்கறாங்கன்னேன். ஒரு நாளு கேட்டாரு, 'எம் மேல கோவமாடா? நான் ஏதாச்சும் பண்ணிட்டேனா? ஒரு வார்த்தை பேசச் சொல்லுடா'ன்னு கெஞ்சினாரு. அதுக்கு மேல என்னால முடியலக்கா. சொல்லிட்டேன்."

"அழுதாரா?"

"அழாம? அதுக்கப்புறம் தினமும்தான் போன் வந்துது, தினமும்தான் சொன்னேன். நான் ஃபேக்டரி வாசல்ல நின்னுக்கிட்டு சொல்லுவேன். அவர் அங்க தனியா உக்காந்து அழுவாரு. அழுது முடிச்சுட்டு அவரே பெட்டிகிட்ட சொல்லி எழுதிக்குவாரு. சாயங்காலம் நீ வந்து அழிச்சிடுவ. மறுநாளு நீ எழுதினதைக் கேட்டுட்டு திரும்ப எனக்குப் போன் பண்ணுவாரு."

"எங்கிட்ட ஏண்டா சொல்லல?"

"அக்காகிட்ட சொல்லாதன்னு அவர்தான் சத்தியம் வாங்கினாரு. தவிர, நீ கேக்கவும் இல்லையே. கல்யாணத்துல அத்தைங்க எல்லாம் முகத்தைத் திருப்பிக்கிட்டப்பவாவது வந்து கேப்பியான்னு பாத்தேன்."

பூங்கோதைக்கு மன்னிப்பு கேட்க வேண்டும் என்று தெரிந்தது. வாய் வரவில்லை. "நான் அப்புறம் பேசறேன்டா" என்று வைத்துவிட்டாள். அதற்கும் வெட்கப்பட்டாள்.

உள் அறையில் அப்பா மத்தியானத் தூக்கத்தில் இருந்தார். பெட்டியை மெதுவாகக் கழற்றிக்கொண்டு வந்து மேஜையில் வைத்தாள். கை சுட்டது. இனி ஒவ்வொரு சீட்டுக்கும் எது சரி என்று சொல்ல வேண்டும். சொல்வதற்கு முன் ஒன்றையாவது திறந்து கேட்டுவிடுவது நியாயம் என்று பட்டது. இத்தனை நாளில் ஒன்றைக்கூட அவள் திறந்ததில்லை. முதலில் இருந்ததைத் திறந்தாள்.

அப்பாவின் குரல். மூக்கடைத்திருந்தது. "சம்பூர்ணம் போயிட்டா. தை மாசம். தென்னவன் சொன்னான். கொள்ளி வச்சது அவன்தானாம், நான் பக்கத்துலதான் நின்னேனாம். பூங்கோதை வந்து, அம்மா ஓசூர்ல இருக்கான்னு சொல்லும். அதுகிட்ட ஒண்ணும் கேக்கக் கூடாது. சரிம்மான்னு சொல்லிடணும்." பிறகு இருமல். பிறகு, எதிரில் யாரோ நிற்பதுபோல், "எழுதிக்கிட்டியா?" என்று பெட்டியைக் கேட்டார்.

அவளால் இரண்டாவதைத் திறக்க முடியவில்லை. தினமும் காலையில் அவர் சொன்ன அந்த "சரிம்மா"வைத்தான் அவள் நிம்மதி என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அலுவலகத்தில்கூடச் சொல்லியிருக்கிறாள், அப்பா இப்பல்லாம் ரொம்ப அமைதியாயிட்டாருங்க என்று. மேஜையில் தலை கவிழ்ந்து அழுதாள். அழுகையில் பாதி துக்கம் என்றால் பாதிக்கு மேல் வெட்கம்தான்.

பிறகு எழுந்து முகம் கழுவிக்கொண்டு வேலையை முடித்தாள். ஒவ்வொரு சீட்டிலும் அப்பா எழுதியதே சரி என்று குறித்தாள். ஓசூர்ச் சீட்டைத் தன் கையாலேயே அழித்தாள். பீரோவைத் திறந்து படத்தை எடுத்துத் துடைத்து, பழைய ஆணியில் மாட்டினாள். பெட்டி ஒவ்வொன்றாகக் கீழே வைத்துக்கொண்டு வந்தது. கை காலியாவதற்கு மறுநாள் விடியும் என்று காட்டியது. அதுவரை அதை மாட்ட வேண்டாம் என்று விட்டுவிட்டாள். காலையில் பெட்டிக்கு முன்னால் தானே அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தாள். அவர் அழுதால் அழட்டும். கூட உட்கார்ந்து அழ வேண்டியதுதான். தென்னவனுக்கு, 'தப்பு என்னோடதுடா. அத்தைங்ககிட்ட நானே சொல்றேன்' என்று அனுப்பினாள். அவன் 'சரிக்கா' என்று மட்டும் பதில் போட்டான். அந்தச் சொல்லும் அவளைக் குத்தியது.

காலையில் பெட்டி ஆறியிருந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். அப்பா பால்கனியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். காதில் பெட்டி இல்லாததால் அவளைக் கண்டதும் மரியாதையாகச் சிரித்தார்.

"வாம்மா ரெஜினா. அதுக்குள்ள சாப்பாடா?"

எதிர்வீட்டு ரெஜினாவும் அவரை அப்பா என்றுதான் கூப்பிடுவாள். பூங்கோதை பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "சாப்பாடு இல்லப்பா. ஒண்ணு சொல்லணும். அம்மா..."

"ஸ்." அவர் உதட்டில் விரல் வைத்தார். சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, அவள் பக்கம் குனிந்தார். "மெதுவாப் பேசும்மா. பொண்ணு உள்ளதான் இருக்கு. அதுக்கு விஷயம் தெரியாது."

"எந்த விஷயம்?"

"அம்மா போனதுதான். தை மாசம் போயிட்டா. அது என்னடான்னா அம்மா ஓசூர்ல இருக்கான்னு நெனச்சிட்டிருக்கு. தினம் காலையில எங்கிட்ட வந்து, நல்லாருக்காங்கப்பான்னு சொல்லும். பாக்கவே பாவமா இருக்கும். நானும் சரிம்மான்னு சொல்லிடுவேன். நீ ஏதும் வாய்விட்டுடாத. தாங்காது."

பெட்டி பூங்கோதையின் உள்ளங்கைக்குள் இருந்தது. அவர் காதில் யாரும் எதையும் சொல்லவில்லை. இத்தனை மாதம் தினமும் கேட்டு, அழுது, தன் வாயால் சொல்லிச் சொல்லி, அந்த ஒரு விஷயம் எந்தப் பெட்டியும் இல்லாமல் அவருக்குள்ளேயே தங்கிவிட்டிருந்தது. மகளின் முகம்தான் தங்கவில்லை.

"அவளுக்குத் தெரியும்ப்பா" என்றாள்.

"தெரியுமா?"

"மொதல்லேருந்தே தெரியும். கூடவே இருந்தா."

அவர் புருவத்தைச் சுருக்கி யோசித்தார். பஸ்ஸில் கணக்கு இடிக்கும்போது அவர் முகம் இப்படித்தான் போகும் என்று கரீம் சொல்லிக் கேட்டிருக்கிறாள். "அப்புறம் எதுக்கு எங்கிட்ட ஓசூர்னு சொல்லுது?"

உங்களால் தாங்க முடியாது என்றுதான், உங்கள் நல்லதுக்குத்தான் என்று சொல்லியிருக்கலாம். எல்லாரிடமும் அவள் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லிச் சொல்லி அது நாக்கு நுனியிலேயே இருந்தது. இந்த மனிதரிடம், வேறொருத்தியாக உட்கார்ந்துகொண்டு, இன்னொரு பொய்யைச் சொல்ல அவளுக்கு நாக்கூசியது.

"காலையில நீங்க அழுதா அவளுக்கு வேலைக்கு நேரமாயிடுதாம்ப்பா" என்றாள். தலையை நிமிர்த்தவில்லை. "அதான்."

வைரக்கண்ணு கோபித்துக்கொள்வார் என்று காத்திருந்தாள். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"அட, அவ்வளவுதானா? எங்கிட்ட சொல்லியிருந்தா அது போனப்புறம் அழுதிருப்பேனே" என்றார். "இப்ப அப்படித்தானே செய்யறேன்."